புதுக் கத்தி முரண்டு பிடித்தால்...

கேள்வி: எங்கள் ஊர் கெங்குவார்பட்டி. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இருபது சென்ட் இடத்தில் மா ஒட்டுக்கன்று போடுகிறோம். ஒட்டுக்கட்ட வரும் பெண்களுக்கு என்று இந்த வருஷம் புதிதாக ஆறு மடக்குக் கத்திகள் வாங்கினேன். ஒன்றுகூட லேசில் திறக்கவில்லை. நகம் வைத்து இழுத்தால் நகம்தான் பிய்கிறது. ஒரு அக்கா பல்லால் கடித்து இழுக்கிறார். இன்னொரு அக்காவுக்கு மூடும்போது கட்டைவிரலில் ஆழமாக வெட்டு விழுந்து, இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. கடைக்காரரிடம் கேட்டால் "பழகப் பழகச் சரியாகும்" என்கிறார். வீட்டுக்காரர், ஆணியின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் இளகிவிடும் என்கிறார். கொட்டை முளைவிட ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கெங்குவார்பட்டி

பதில்: முதலில் அந்தச் சுத்தியலை வாங்கி உள்ளே வையுங்கள் சகோதரி. மற்றதைப் பிறகு பேசலாம்.

மடக்குக் கத்தியில் அலகையும் பிடியையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு ரிவெட் ஆணி. அதன் இரண்டு தலையையும் தட்டி அகலப்படுத்தித்தான் பட்டறையில் இறுக்கியிருக்கிறார்கள். நீங்களும் அதன் தலையில் தட்டினால் அது இன்னும் அகலமாகி, பக்கத் தகடுகளை இன்னும் நெருக்கும். இப்போது கஷ்டப்பட்டாவது திறக்கிற கத்தி, அதற்குப் பிறகு திறக்கவே திறக்காது. பக்கவாட்டில் தட்டினால் ஆணி வளையும், அலகு ஒரு பக்கம் சாயும்.

இந்தக் கடிதம் வந்தபோது இதழ் அச்சுக்குப் போக எட்டு நாள் இருந்தது. முளைத்த மாங்கன்று எட்டு நாள் நமக்காகக் காத்திருக்காது. அதனால் வாசகிக்குத் தொலைபேசியில் பதில் சொன்னதோடு, வத்தலக்குண்டு போய்த் திரும்பும் வழியில் இறங்கி, ஆறு கத்தியையும் கையில் எடுத்துப் பார்த்தேன். இதே குறையை தேவதானப்பட்டி, பெரியகுளம் பக்கத்து நர்சரிக்காரர்களிடமும் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆகவே எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆறு கத்தியும் ஒரே கடை, ஒரே பெட்டி. ஆனால் மூன்று கத்திகளுக்குள் அழுக்கு. இரண்டு நல்ல கத்திகள். ஸ்பிரிங் புதுசு என்பதால் விறைப்பாக இருந்தன, அவ்வளவுதான். ஒன்று செய்யும்போதே கோணலாகிப் போனது. அதை எதைச் செய்தும் திருத்த முடியாது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிரித்துப் பார்க்க, கத்திக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். சாதாரண மடக்குக் கத்தியில் பூட்டு எதுவும் கிடையாது. பிடியின் முதுகுப் பக்கம் நீளமாக ஒரு எஃகுப் பட்டை இருக்கிறது பாருங்கள், அதுதான் ஸ்பிரிங். அலகின் அடிப்பாகத்தை அது எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். மூடியிருக்கும்போது அலகு தானாகத் திறந்துவிடாமலும், திறந்திருக்கும்போது தானாக மடங்கிவிடாமலும் பார்த்துக்கொள்வது அந்த அழுத்தம்தான். ஆகவே கொஞ்சம் விறைப்பு இருக்கத்தான் வேண்டும். விறைப்பே இல்லாத கத்தியைத்தான் நான் பயந்து கையில் எடுப்பேன்.

இனி சோதனை. கத்தியை மெதுவாகத் திறந்து பாருங்கள். ஆரம்பத்தில் இறுக்கமாக இருந்து, நடுவில் இளகி, கடைசியில் 'டக்' என்று போய் உட்கார்ந்தால் அது ஸ்பிரிங்கின் விறைப்பு. கத்தி நல்ல கத்தி. ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி, சேற்றுக்குள் கால் இழுப்பது போல இழுத்தால், உள்ளே அழுக்கோ உறைந்த கிரீஸோ இருக்கிறது. அல்லது ஆணி அதிகமாக இறுகியிருக்கிறது. மூன்றாவதாக, வெளிச்சத்தில் பிடித்து, அலகை முக்கால்வாசி மூடிய நிலையில் மேலிருந்து பாருங்கள். அலகு இரண்டு தகடுகளுக்கும் நடுவில் இறங்க வேண்டும். ஒரு பக்கத் தகட்டில் உரசிக்கொண்டு, அங்கே பளபளவென்று கோடு விழுந்திருந்தால் அது கோணல் கத்தி. அதைக் கடைக்காரரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பில்லை வைத்துக்கொண்டு, எண்ணெய் விடுவதற்கு முன்பே போங்கள். எண்ணெய் பட்டால் "உபயோகித்த கத்தி" என்று சொல்லிவிடுவார்கள்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள், புதுக் கத்திதானே? பட்டறையில் அலகைச் சாணை பிடிக்கும்போது பறக்கும் இரும்புத்தூளும் சாணைக்கல் தூளும் மூட்டுக்குள் போகின்றன. அதன் மேலேயே துருப்பிடிக்காமல் இருக்கக் கெட்டியான கிரீஸைத் தடவிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அது கடையில் வருஷக்கணக்கில் கிடந்து காய்ந்து, தூளும் கிரீஸுமாகச் சேர்ந்து களிம்பாகிவிடுகிறது. விலை மலிவான கத்திகளில் இது சகஜம். "பழகப் பழகச் சரியாகும்" என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. உரசும் இரண்டு பரப்புகளும் தேய்ந்து ஒன்றுக்கொன்று பொருந்துவதைத்தான் பழகுவது என்கிறோம். ஆனால் உள்ளே மணலைப் போல தூளை வைத்துக்கொண்டு பழக்கினால், ஆணித்துளை அகன்று, கத்தி இளகுவதற்குப் பதிலாக ஆட்டம் காணும். முதலில் கழுவ வேண்டும். பிறகுதான் பழக்க வேண்டும்.

கழுவுவதற்கு முன், கூர் விளிம்பின் மேல் மெல்லிய செல்லோ டேப்பை ஒரே ஒரு சுற்று, நீளவாட்டில் மடித்து ஒட்டுங்கள். வீட்டிலும் நர்சரியிலும் விரலில் வெட்டு விழுவது, பெரும்பாலும் கத்தியால் வேலை செய்யும்போது அல்ல. இப்படிக் கத்தியோடு மல்லுக்கட்டும்போதுதான். டேப் பிய்ந்தால் எடுத்துவிட்டு வேறு ஒட்டுங்கள்.

ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு விடுங்கள். பிடி முழுக்க இரும்பாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால், கத்தியைப் பாதி திறந்தபடி பத்து நிமிடம் ஊறப் போடலாம். மரப்பிடி என்றால் ஊறப் போடாதீர்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்து மூட்டை மட்டும் தேயுங்கள். பிடிக்குள் அலகு போய் உட்காரும் பள்ளத்தில்தான் தூள் அதிகம் தேங்கும். தென்னை ஈர்க்கின் நுனியில் துணியைச் சுற்றி அதைத் துடைத்தெடுங்கள். தண்ணீருக்குள்ளேயே பத்துப் பதினைந்து முறை திறந்து மூடினால் தண்ணீர் சாம்பல் நிறமாகும். மாற்றித் திரும்பவும் செய்யுங்கள். சோப்புக்கு அசையாத பழைய கிரீஸுக்கு மண்ணெண்ணெய் நல்லது. இப்போது ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பது அருமையாகிவிட்டது. இருந்தால் ஒரு மூடி அளவு போதும். வண்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுத்துக் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அடுப்பு எரிகிற வீட்டில் அது கத்தியைவிடப் பெரிய ஆபத்து.

கழுவியதும் உடனே துணியால் துடைத்து, கத்தியைத் திறந்த நிலையில் ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். மரப்பிடி என்றால் நிழலில் காற்றாட வையுங்கள். மூட்டுக்குள் ஈரம் நின்றால் நாளைக் காலையில் அங்கே துரு இருக்கும்.

இப்போது எண்ணெய். தையல் மெஷினுக்கு விடுகிற மெல்லிய எண்ணெய்தான் இதற்குச் சரி. சின்னப் பாட்டில் ஒன்று வாங்கினால் ஆறு கத்திக்கும் சில வருஷங்களுக்கு வரும். ஈர்க்கு நுனியில் தொட்டு, ஆணி இருக்கும் இடத்தில் அலகுக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு. அலகின் அடிப்பாகம் ஸ்பிரிங்கோடு உரசுகிற இடத்தில் இன்னொரு சொட்டு. அதற்கு மேல் விட்டால் வழிந்து, தூசியை இழுத்து, திரும்பவும் களிம்பாகும்.

வீட்டில் இருக்கிற தேங்காயெண்ணெயை விடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவசரத்துக்கு ஒரு நாள் விடலாம். ஆனால் அது 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் மலை அடிவாரத்தில் உங்கள் பாட்டிலே வெள்ளையாக நிற்கிறதே, கத்தி மூட்டுக்குள்ளும் அப்படித்தான் நிற்கும். கொடைக்கானலுக்கு எடுத்துப் போனால் கேட்கவே வேண்டாம். நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் உறையாவிட்டாலும், நாளானால் பிசுபிசுத்து ஒட்டுகிற தன்மை உள்ளவை. அதே கத்தியால் பழமும் நறுக்குவீர்கள் என்றால், மெஷின் எண்ணெய்க்குப் பதிலாக மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு விடுங்கள். அது கெட்டுப்போகாது, நாற்றமும் அடிக்காது.

எண்ணெய் விட்டபின் ஓர் இடத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் ஐம்பது முறை திறந்து மூடுங்கள். டி.வி. பார்த்துக்கொண்டே செய்கிற வேலை அல்ல இது. கண் கத்தியில் இருக்க வேண்டும். ஆணிப் பக்கம் கறுப்பாக எண்ணெய் கசியும். அது உள்ளே மிச்சமிருந்த தூளும், உரசிக் கழன்ற இரும்பும். துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு விடுங்கள். மறுநாள் ஐம்பது, அதற்கு மறுநாள் ஐம்பது. கசிகிற எண்ணெய் கறுப்பில்லாமல் வரும்போது கத்தி பழகிவிட்டது என்று அர்த்தம். கெங்குவார்பட்டியில் அழுக்குக் கத்தி மூன்றில் இரண்டு, கழுவின அன்றைக்கே பெருமளவு இளகிவிட்டன. மூன்றாவதுக்கு நாலு நாள் ஆனது. ஸ்பிரிங் விறைப்பாக இருந்த இரண்டும் எண்ணெயோடு ஓரளவு வழிக்கு வந்தன. அவை முழுதாக இளகாது. இளக வேண்டியதும் இல்லை.

மூட்டு ஆணி ரிவெட்டாக இல்லாமல் ஸ்குரூவாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சரியான அளவு ஸ்குரூ டிரைவரால் எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் தளர்த்திப் பாருங்கள். ஒரே அடியாக அரைச் சுற்று வேண்டாம்.

கத்தியை இளக்க என்று ஊரில் சொல்லும் வேறு சில வழிகள் உண்டு. மூட்டில் பற்பசையோ மணலோ போட்டுத் தேய்ப்பது ஒன்று. எதைக் கழுவி எடுத்தோமோ அதையே திரும்ப உள்ளே போடுகிற வேலை அது. ஸ்பிரிங்கை அரத்தால் ராவி மெலிதாக்குவது இன்னொன்று. இதற்குப் பிறகு அலகைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. எல்லாவற்றிலும் மோசம் அடுப்பில் காட்டுவது. எஃகு சுமார் 300 டிகிரியைத் தொட்டால் நீலம் பாயும். அந்த நீலத்தைப் பார்த்துவிட்டால், கொல்லர் கொடுத்த பதம் போய்விட்டது. அதற்கப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

பழகும் வரை எப்படித் திறப்பது? பல் வேண்டவே வேண்டாம். பல்லும் போகும், வழுக்கினால் உதடும் போகும். அலகில் இருக்கிற நகக்குழியையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உலர்ந்த பருத்தித் துணியின் மூலையை எடுத்து, அலகின் இரண்டு பக்கத்தையும் முதுகுப் பக்கத்திலிருந்து கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். அலகை இழுக்காதீர்கள், அலகை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் பிடியைக் கீழே இறக்குங்கள். இதில் பலம் விரலிலிருந்து அல்ல, கையிலிருந்து வருகிறது. வயதான அம்மாக்கள்கூடச் சுலபமாகத் திறந்துவிட்டார்கள்.

மூடும்போதுதான் வெட்டு விழுகிறது. பிடியை நாலு விரலும் சுற்றிப் பிடித்தபடி மூடினால், அலகு வந்து இறங்கும் பள்ளத்தின் மேலேயே விரல் இருக்கும். கடைசியில் ஸ்பிரிங் அலகை வெடுக்கென்று உள்ளே இழுக்கும்போது விரலும் சேர்ந்து மாட்டும். பிடியின் இரண்டு பக்கத்தை மட்டும் விரல்களால் பற்றி, அலகின் முதுகை மற்ற உள்ளங்கையால் தள்ளி மூடச் சொல்லுங்கள். கை ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு. ஒட்டுக்கட்டுகிற இடத்தில் பூவாளித் தண்ணீரும் பாலித்தீன் தாளும் கைக்குள்ளேயே இருக்கும். ஆளுக்கு ஒரு துண்டுத்துணி இடுப்பில் இருக்கட்டும்.

வெட்டு விழுந்த அக்காவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மண்ணும் மக்கிய எருவும் புரள்கிற இடத்தில் விழுந்த வெட்டு அது. ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, சுத்தமான துணியை வைத்து ரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள்தூள் எதையும் வைத்து அடைக்கக் கூடாது. கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால், அல்லது எப்போது போட்டோம் என்றே நினைவில்லையென்றால், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஊசி போடுங்கள். விரல் நுனி மரத்துப்போயிருந்தாலோ மடக்க முடியாவிட்டாலோ, நரம்போ தசைநாணோ அறுபட்டிருக்கலாம். அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். போன வாரத்து வெட்டு ஆயிற்றே என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரு கத்தியைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று நினைப்பவர்கள் மாங்கன்றில் ஒருமுறை ஒட்டுக்கட்டிப் பார்க்க வேண்டும். கொட்டை முளைத்து இலை இன்னும் செம்பு நிறமாக இருக்கும்போது, பத்துப் பதினைந்து நாள் கன்றில்தான் இந்த ஒட்டு நன்றாகப் பிடிக்கும். இலை பச்சையாகித் தண்டு முற்றினால், இளங்கன்றில் கட்டும் இந்த முறைக்கு அது உதவாது. பிறகு மாதக்கணக்கில் வளரவிட்டுத்தான் வேறு முறையில் கட்ட வேண்டும். தாய்மரத்தில் மூன்று நான்கு மாதம் ஆன குச்சியைத் தேர்ந்து, ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பே இலையைக் கிள்ளிவிட்டு மொட்டைப் பருக்க வைத்திருப்பீர்கள். அந்தக் குச்சியின் அடியை இரண்டு பக்கமும் நாலு சென்டிமீட்டருக்கு ஆப்பு போலச் சீவி, கன்றின் பிளவில் செருக வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே இழுப்பில் சீவினால் பரப்பு கண்ணாடி போல இருக்கும். இரண்டு பட்டையும் ஒட்டி உட்காரும். அலகு ஆடினாலோ, கை கத்தியோடு போராடிக் களைத்திருந்தாலோ, சீவல் அலை அலையாக வரும். அந்த இடுக்கில் காற்றுப் புகுந்து குச்சி காய்ந்துவிடும். இமாம் பசந்தோ காசா லட்டோ, நல்ல தாய்மரத்துக் குச்சிக்கு நீங்கள் கொடுத்த விலையும் போய், கன்றும் போகும். சுத்தியலால் தட்டிய கத்தியில் நான் அஞ்சுவது இந்த ஆட்டத்தைத்தான்.

அதனால் பழக்கி முடித்ததும் ஒரு கடைசிச் சோதனை. கத்தியைத் திறந்து, அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் ஒட்டுக்கட்ட ஆகாது; சாக்குக் கயிறு அறுக்க வைத்துக்கொள்ளுங்கள். திறந்த கத்தியைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறினால் அலகு தானாக மடங்கக் கூடாது. மடங்கினால் அதை எந்த வேலைக்கும் கொடுக்காதீர்கள்.

தீட்டுவது பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுக்கத்தியின் கூர் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் சரிவாக இருக்கும், மறுபக்கம் தட்டை. தெருவில் சக்கரத்தோடு வரும் சாணைக்காரர் நல்ல மனிதர், ஆனால் அரிவாளுக்குப் பழகிய கை. இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்துவிடுவார். பிறகு தட்டையான சீவல் வராது. மெல்லிய தீட்டுக்கல்லை நனைத்து, சரிவுப் பக்கத்தை மட்டும் நீங்களே தீட்டுங்கள். மறுபக்கத்தைக் கல்லில் படுக்க வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் பிசிறு போய்விடும்.

வேலை தொடங்கும் முன் அலகை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்கச் சொல்லுங்கள். மூட்டில் விட்ட எண்ணெய் அலகுக்கு இறங்கி வெட்டுப் பரப்பில் பட்டால் ஒட்டுப் பிடிக்காது. நோயைச் செடிக்குச் செடி கடத்தாமல் இருக்கவும் அதே துடைப்பு உதவும். சாயங்காலம் மாம்பாலைத் துடைக்காமல் கத்தியை மூடி வைத்தால், அது மூட்டுக்குள் இறங்கிப் பிசின் போல இறுகிவிடும். அடுத்த வருஷம் "கத்தி திறக்கவில்லை" என்று வருகிற கடிதங்களில் பாதிக்குக் காரணம் இந்தப் பால்தான். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.

இன்னும் ஒன்று. உங்களிடம் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒட்டுக்கணக்கில் கூலி. திறக்காத கத்தியோடு அரை மணி நேரம் போராடினால் அந்த அரை மணியின் கூலி அவர்கள் கையிலிருந்து போகிறது. அதனால்தான் பல்லால் கடிக்கிறார்கள். கத்தி உங்களுடையது, பழக்கிக் கொடுக்க வேண்டியதும் நீங்கள்தான். ஒவ்வொரு கத்தியின் பிடியிலும் வெவ்வேறு நிற நூலைச் சுற்றி, ஒருவருக்கு ஒரு கத்தி என்று கொடுத்துவிடுங்கள். ஒரே கை பழகினால் கத்தியும் கையும் சீக்கிரம் பொருந்தும். துடைக்காமல் வைத்தது யார் என்ற சண்டையும் வராது.

கேள்வி: வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் மரப்பிடி போட்ட பிரெஞ்சுக் கத்தி ஒன்று கொண்டுவந்தான். வெயில் காலத்தில் நன்றாகத் திறந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் அசையவே இல்லை. எண்ணெய் விட்டும் பயனில்லை. கெட்டுப்போய்விட்டதா?
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: கெடவில்லை ஐயா. நீங்கள் எழுதிய அடையாளத்தைப் பார்த்தால், கழுத்தில் சுற்றுகிற வளையம் உள்ள ஒப்பினெல் கத்தி என்று தெரிகிறது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் என்பவர் செய்யத் தொடங்கியது. அங்கத்து விவசாயிகளின் சட்டைப்பைக் கத்தி. திறந்த அலகு மடங்காமல் பூட்டும் அந்த வளையம் 1955-இல் சேர்ந்தது. இதில் நான் மேலே சொன்ன முதுகு ஸ்பிரிங் கிடையாது. மரத்தில் ஒரு பிளவு, அதற்குள் அலகு, குறுக்கே ஓர் ஆணி. ஆகவே அலகைப் பிடித்து நிறுத்துவது மரம்தான். ஈரக்காற்றில் மரம் ஊறிப் பருத்தால் அலகை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். நம் வீட்டு மரக்கதவு மழைக்காலத்தில் நிலையில் மாட்டிக்கொள்வதில்லையா, அதே கதை.

இரண்டு மூன்று நாள் ஃபேன் காற்றில் வையுங்கள். வெயிலிலும் அடுப்பின் மேலும் வைத்தால் பிடி வெடிக்கும். காய்ந்ததும் பிளவுக்குள்ளும் ஆணி ஓரத்திலும் வாசலினை மெல்லியதாகத் தடவி, சில முறை திறந்து மூடுங்கள். இனி ஈரம் மரத்துக்குள் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. கொஞ்சம் இறுகியிருந்தால் திறப்பதற்கு அந்த ஊர்க்காரர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, மூடிய கத்தியின் அடிமூலையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகின் முனை எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்துத் திறக்கலாம். தட்டுவது மரத்தைத்தான், ஆணியை அல்ல. கெங்குவார்பட்டி வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டுச் சுத்தியலைத் திரும்ப எடுத்துவிடக் கூடாது!

கேள்வி: தினமும் காலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறோம். சட்டைப்பையில் மடக்குக் கத்தி வைத்திருந்தால் செக்போஸ்ட்டில் பிரச்சினை வருமா?
— வாசகர், கூடலூர்

பதில்: ஆயுதச் சட்டம், 1959-இன் விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள்தான் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. அதிலும் வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் கத்தி மூன்று அங்குலம் இருந்தால் அதிகம். மடக்குக் கத்தி என்றதும் போலீஸ்காரருக்குச் சந்தேகம் வருவதற்கு, சினிமாவில் வரும் ராம்பூர் கத்தியும் ஒரு காரணம். உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் செய்யும் நீளமான மடக்குக் கத்தி அது. 2023-இல் அந்த ஊர்க்காரர்கள் சுமார் 20 அடி நீளத்தில் ஒரு கத்தியையே செய்து நாற்சந்தியில் நிறுத்திவிட்டார்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சட்டைப்பையில் வைக்காதீர்கள். ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மலையேறும்போது குனிந்தால் விழும், பக்கத்தில் இருப்பவர் மேல் குத்தும். வேலைப்பையில் கையுறையோடும் சாப்பாட்டுத் தூக்கோடும் சேர்த்து வையுங்கள். கேட்டால் பையைத் திறந்து காட்டி, எந்தத் தோட்டத்துக்கு என்ன வேலைக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள். தேர்தல் நேரத்திலும் திருவிழா நேரத்திலும் சோதனை கூடுதலாக இருக்கும். அந்த நாட்களில் கத்தியைத் தோட்டத்து ஷெட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. வைக்கும்போது ஈரம் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு.